சீகாஹ் என்னும் சுரம்

எகிப்தின் காரீ அப்துல் பாஸித் அவர்களின் ஓதலைக் கேட்டு நெஞ்சுருகாதார் நம்முள் அரிது. அத்தகைய விரிவான ஓதல் பெரும்பாலும் ‘பயாத்தி’ என்னும் மகாமில் தொடங்கும். மகாம் என்பது நம்மவர் இராகம் என்பதற்கு நெருங்கிய சொல். சுரங்களின் வரிசை மட்டுமன்று, அவை நடக்கும் முறையும் அதில் அடங்கும். (இசை ஆகுமா, ஆகாதா என்னும் ஃபிக்ஹு விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று.)

பயாத்தியின் இரண்டாம் சுரத்தைப் பியானோவில் தேடினால் கிடைக்காது. சுத்த ரிஷபத்துக்கும் சதுசுருதி ரிஷபத்துக்கும் இடையே அது நிற்கிறது. ‘மூன்றாம் இடம்’ எனப் பொருள்படும் ‘சீகாஹ்’ என்ற பாரசீகப் பெயர் அதற்குண்டு. ‘ராஸ்த்’ மகாமில் அது மூன்றாம் சுரமாகவே வருகிறது, சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே. இது புதுமையன்று. அப்பாசியர் கால பக்தாதில் ஊது வாசித்த ஸல்ஸல் இத்தகைய நடுச் சுரத்துக்கு நடுவிரலின் இடத்தை வகுத்தார். கி.பி. 950இல் மறைந்த அல் ஃபாராபீ தமது ‘கிதாபுல் மூஸீகல் கபீர்’ என்னும் பெருநூலில் அதனை 27க்கு 22 என்ற விகிதமாக அளந்து காட்டினார். அதாவது, தந்தியை 27 பங்காக்கி 22 பங்கை மட்டும் அதிரவிடுவது.

1932ஆம் ஆண்டு மார்ச்சில் மன்னர் ஃபுஆத் கெய்ரோவில் கூட்டிய அரபு இசை மாநாட்டில் இச்சுரமே வழக்கானது. ஒரு ஸ்தாயியை 24 சமக் கால் சுரங்களாகப் பகுத்து நிலைப்படுத்த எகிப்தியர் பலர் விழைந்தனர். துருக்கிய அறிஞர் ரவூஃப் யெக்தா அதனை ஏற்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். பயாத்தியில் சீகாஹ் ராஸ்தில் உள்ளதைவிடச் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கிறது. சமக் கூறு இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

பியானோவைச் சேர்க்கலாமா என்பதிலோ வியப்பான அணிவகுப்பு. வேண்டும் என்றோர் எகிப்தின் சீர்திருத்தவாதிகள். வேண்டாம் என்றோர் பெரும்பாலும் ஐரோப்பியர்! இசைக்கருவிக் குழுவின் தலைவரான ஜெர்மானியர் கர்ட் சாக்ஸும் அவர்களுள் ஒருவர். ஊது, கானூன், நாய் எனும் புல்லாங்குழல், வயலின், ரிக் என்ற சிறு தாளக்கருவி ஆகியவை கொண்ட ‘தக்த்’ என்னும் சிறுகுழுவின் நயம் கெட்டுவிடும் என்பது அவர்தம் அச்சம். வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதானே எனலாம். அதில் கட்டையில்லை, விரல் சென்ற இடத்தில் சுரம் பிறக்கும். பியானோவின் பன்னிரு கட்டைகளோ அசையா.

அம்மாநாட்டில் பதிவான இசை 2015இல் பிரான்சின் தேசிய நூலகத்தால் 18 குறுந்தட்டுகளாக வெளியிடப்பட்டது. சீகாஹ் எங்கெங்கு நின்றது என்பதை இன்று செவியாலேயே அளந்து பார்க்கலாம்.