போதைப்பொருளை விட்ட பின்னும் தேடல் தொடர்வது ஏன்? மூளைச் சுற்றுகள் சொல்லும் காரணம்

புதுதில்லி: கொக்கைன், ஆம்ஃபெட்டமைன் போன்ற ஊக்க வகைப் போதைப்பொருட்களைக் கைவிட்டுப் பல மாதங்கள் கடந்த ஒருவர், பழைய கூட்டாளியையோ பழகிய இடத்தையோ கண்டதும் மீண்டும் அப்பழக்கத்துக்குத் திரும்பிவிடுவது உண்டு. மன உறுதி இல்லாததே காரணம் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால், மூளையின் நரம்புச் சுற்றுகளில் நீடிக்கும் மாற்றத்துக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு என்கின்றன ஆய்வுகள்.

கூடிக்கொண்டே போகும் எதிர்வினை

எலிக்கு நாள்தோறும் ஒரே அளவு கொக்கைன் செலுத்தினால், அதன் ஓட்டமும் பரபரப்பும் நாளுக்கு நாள் அதிகரிக்கின்றன. சில வாரங்கள் நிறுத்திவிட்டு மீண்டும் கொடுத்தாலும் அந்த மிகையான எதிர்வினை வெளிப்படுகிறது. உடல் பழகிப்போய் மருந்தின் விளைவு குறைவதற்கு இது நேர் எதிரானது.

மூளையில் நடப்பது என்ன?

நடுமூளையின் ‘விடிஏ’ எனப்படும் பகுதியில் உள்ள நரம்பணுக்கள், ‘நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ்’ என்ற பகுதியில் டோபமைனை வெளியிடுகின்றன. வழக்கமாக அது உடனே திரும்ப உறிஞ்சப்படும். கொக்கைன் இதனைத் தடுக்கிறது. ஆம்ஃபெட்டமைனோ டோபமைனை மேலும் வெளியே தள்ளுகிறது. முடிவெடுத்தலுக்கும் கட்டுப்பாட்டுக்கும் உதவும் மூளையின் முன்புறணியில் இருந்து குளுட்டமேட் வழியாக வரும் சமிக்ஞைகளும் அதே பகுதியில் சேர்கின்றன. போதைப்பொருள் மீண்டும் மீண்டும் வரும்போது இந்த இணைப்புகளின் வலிமை மாறுகிறது.

ஒருமுறை செலுத்திய கொக்கைனே சுண்டெலியின் விடிஏ இணைப்புகளை வலுவாக்குவதும், 5 நாட்கள் வரை காணப்பட்ட அம்மாற்றம் 10-ஆம் நாளில் மறைவதும் 2001-இல் கண்டறியப்பட்டது. ஆனால், எலிகள் தாமே நாடி எடுத்துக்கொண்ட கொக்கைனின் தடம், நிறுத்திய 3 மாதங்களுக்குப் பிறகும் நீடித்ததாக 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. உணவுக்காக அதேபோல் முயன்ற எலிகளில் இத்தகைய நீடித்த மாற்றம் இல்லை.

இன்பம் வேறு, வேட்கை வேறு

அமெரிக்க ஆய்வாளர்கள் டெரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் ஆகியோர் 1993-இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, இச்சுற்றுகளில் கூர்மையடைவது இன்பம் அல்ல, வேட்கையே. அதனால்தான் போதைப்பொருளில் மகிழ்ச்சி குறைந்த பின்னும் தேடல் குறைவதில்லை.

மீள வழி உண்டா?

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அக்கம்பென்ஸுக்கு வரும் முன்புறணி இணைப்புகளை ஒளியால் தூண்டி, சுண்டெலிகளின் மிகை எதிர்வினையை நீக்கியதாக 2012-இல் அறிவித்தனர். இம்முறை மனிதர்களுக்கான சிகிச்சையாக இன்னும் மாறவில்லை. கொக்கைன் அடிமைத்தனத்துக்கென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த மருந்தும் இதுவரை இல்லை. உளவியல், நடத்தைச் சிகிச்சைகளே இப்போதைய வழி.

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 0.10 சதவீதத்தினர் கொக்கைனையும், 0.18 சதவீதத்தினர் ஆம்ஃபெட்டமைன் வகைகளையும் பயன்படுத்துகின்றனர். விகிதம் சிறிதாயினும், நாட்டின் மக்கள்தொகையில் இது பல லட்சம் பேரைக் குறிக்கும். மீண்டும் பழக்கத்தில் விழுபவரைக் கண்டித்து ஒதுக்குவதை விட, சிகிச்சையைத் தொடரச் செய்வதே பயன் தரும். இதற்கான தேசியக் கட்டணமில்லா உதவி எண்: 14446.