பட்டிக்கு வந்த புது நாய்: இன்ஷூரன்ஸ் எடுக்கும் முன் யோசிக்க வேண்டியவை

கறவை மாடு வாங்கினால் கால்நடை டாக்டரிடம் காட்டி, காதில் வில்லை போட்டு, இன்ஷூரன்ஸ் செய்வது பல கிராமங்களில் பழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆட்டுப் பட்டிக்கும் களத்துக்கும் காவல் இருக்கும் நாய்க்கும் இன்ஷூரன்ஸ் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர், அது மாட்டு இன்ஷூரன்ஸ் போன்றதுதான் என்று எண்ணிப் பணம் கட்டிவிட்டுப் பிறகு ஏமாற்றம் அடைகிறார்கள்.

கிராமத்தில் நாய் பெரும்பாலும் விலைக்கு வருவதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஈன்ற குட்டியாக இருக்கும். சாலையோரம் யாரோ விட்டுச் சென்ற குட்டியாக இருக்கும். டவுனில் உள்ள பிராணிகள் காப்பகத்தில் கேட்டு வாங்கி வந்த வளர்ந்த நாயாகவும் இருக்கலாம். குட்டி வந்த பத்தாம் நாள் தீனி எடுக்காமல் சுருண்டு படுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். வாந்தி எடுக்கிறது, ரத்தமாகக் கழிகிறது. நாலைந்து நாள் குளுக்கோஸ் ஏற்றி ஊசி போட வேண்டும் என்கிறார் டாக்டர். “வந்த அன்றே இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கலாமே” என்று வீட்டில் பேச்சு எழும். அன்றே எடுத்திருந்தாலும் அந்தப் பத்தாம் நாளில் பெரும்பாலும் ஒரு பைசாவும் கிடைத்திருக்காது. ஏன் என்பதை அறிந்து கொண்டால், எந்தப் பாலிசி வேண்டும், வேண்டாம் என்பது தானே விளங்கும்.

இரண்டு வகை பாலிசிகள்

பிராணிகளுக்கான இன்ஷூரன்ஸ் முதலில் பண்ணையில்தான் பிறந்தது. ஸ்வீடன் நாட்டில் 1890-ல் குதிரைக்கும் மாட்டுக்கும் தொடங்கியது, 1924-ல் நாய்க்கும் வந்தது. அமெரிக்காவில் நாய்க்கான முதல் பாலிசி 1982-ல் டெலிவிஷனில் நடித்த ‘லாஸி’ என்ற நாய்க்கு எழுதப்பட்டது. நம் நாட்டில் பொதுத் துறை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நெடுங்காலமாக நாய்க்குப் பாலிசி கொடுத்து வந்துள்ளன. 2020-க்குப் பிறகு சில தனியார் கம்பெனிகளும் இதில் இறங்கின.

இவற்றில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, நாய் இறந்தால் அதன் மதிப்பைத் தருவது. மாட்டு இன்ஷூரன்ஸ் இந்த வகையைச் சேர்ந்தது. இரண்டாம் வகை, நோய்க்கும் விபத்துக்கும் ஆகும் வைத்தியச் செலவைத் தருவது. ஏஜண்டிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இது இறப்புக்கா, வைத்தியத்துக்கா?” என்பதே.

இறப்புப் பாலிசியில் நாயின் சந்தை மதிப்பை ஒட்டியே தொகை எழுதப்படும். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களுக்கு இது பொருந்தும். இலவசமாக வந்த நாட்டு நாய்க்கு மதிப்பு எழுதுவது எப்படி? எழுதினாலும் மிகக் குறைவாகவே இருக்கும். ஆகவே எடுத்து வளர்க்கும் நாய்க்கு, எடுப்பதானால், வைத்தியச் செலவைத் தரும் பாலிசியே பயன்படும்.

முதல் வேலை டாக்டரிடம் காட்டுவது

எந்தப் பாலிசி ஆனாலும் நாயின் வயது, அடையாளம், உடல்நலம் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே புது நாயை முதலில் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போக வேண்டும். பிறந்த தேதி தெரியாவிட்டாலும் பல்லைப் பார்த்து வயதை ஏறத்தாழச் சொல்லலாம். நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் முளைப்பது ஏறக்குறைய 3 மாதம் முதல் 7 மாதத்துக்குள் முடிகிறது. வயது முக்கியம். மிகச் சிறிய குட்டியையும் மிக வயதான நாயையும் கம்பெனிகள் சேர்ப்பதில்லை.

மாட்டுக்குக் காது வில்லை எப்படியோ, நாய்க்கு மைக்ரோசிப் அப்படி. அரிசி மணி அளவுள்ள இதை டாக்டர் ஊசி மூலம் தோளுக்கு நடுவே தோலின் கீழ் வைப்பார். கருவியால் பார்த்தால் அதன் எண் தெரியும். சிப் இல்லாமலே போட்டோவை ஏற்கும் கம்பெனிகளும் உண்டு. முன்பக்கம், இரு பக்கவாட்டு, முகம் எனப் போட்டோ எடுத்து, மச்சம், வெட்டுக் காது, வால் நுனியின் நிறம் போன்ற அடையாளங்களை எழுதி வைத்துக் கொள்வது நல்லது. செம்மி நிற நாட்டு நாய்கள் பத்து ஒன்றுபோல் இருக்கும். எந்த நாய் என்று காட்ட முடியாவிட்டால் பணம் இல்லை.

பழைய நோய்க்குப் பணம் இல்லை

பாலிசி எடுக்கும்போது நாய்க்கு ஏற்கனவே இருக்கும் நோய்க்குக் கம்பெனி பணம் தராது. வளர்ந்த நாயை எடுத்து வருபவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். பழைய நொண்டல், சொறி, உண்ணியால் வந்த காய்ச்சல் எல்லாம் இதில் அடங்கும். விண்ணப்பத்தில் இவற்றை மறைக்கக் கூடாது. மறைத்தது பின்னால் தெரிந்தால், வேறு நோய்க்குக் கேட்கும் பணமும் நின்றுபோகும்.

பிறவிக் குறைகளும் பல பாலிசிகளில் சேருவதில்லை. ராஜபாளையம் இனத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறப்பது அறிந்த செய்தி. குட்டி உறங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

காத்திருப்பு நாட்கள்

பணம் கட்டிய மறுநாளே நோய்க்குப் பாதுகாப்பு தொடங்கிவிடாது. கம்பெனிக்குக் கம்பெனி இத்தனை நாள் என்று ஒரு காத்திருப்புக் காலம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் வரும் நோய்க்குப் பணம் இல்லை. விபத்துக்கு இந்தக் காலம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம்.

மேலே சொன்ன குட்டிக்கு வந்தது பார்வோ என்னும் வைரஸ் கழிச்சல் நோயாக இருக்கக் கூடும். இந்த வைரஸ் உடம்பில் புகுந்து பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் நோய் காட்டும். வந்த இடத்திலேயே தொற்றிக்கொண்டு வந்த குட்டி காத்திருப்புக் காலம் முடியும் முன்பே படுத்துவிடும். வந்த அன்றே பாலிசி எடுத்தும் பயன் இல்லை என்றது இதனால்தான்.

எது சேரும், எது சேராது?

பாலிசித் தாளில் ‘விலக்குகள்’ என்ற பகுதியைத் தமிழ் தெரிந்தவரைக் கொண்டு வரிவரியாகச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். குறிப்பாக ஐந்து விஷயங்கள்:

1. நாட்டு நாயும் கலப்பு நாயும் சேருமா? இனச் சான்று கேட்கிறார்களா?

2. பட்டிக் காவல் நாய் சேருமா? ‘வீட்டில் வளரும் செல்ல நாய்’ என்று மட்டும் எழுதிய பாலிசியில், இரவில் வெளியே காவல் இருக்கும் நாய்க்குப் பணம் மறுக்க இடம் உண்டு.

3. ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் பணமா? இது மிக முக்கியம். டவுனில் நாயைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரிகள் உண்டு. கிராமத்தில் நாயைத் தினமும் கொண்டு போய் ஊசி போட்டுத் திரும்பக் கொண்டு வருவதே வழக்கம். தங்கும் வைத்தியத்துக்கு மட்டும் என்று எழுதிய பாலிசி இங்கே உதவாது. வெளிநோயாளி வைத்தியமும் சேர்கிறதா என்று கேட்க வேண்டும்.

4. தடுப்பூசி உள்ள நோய்களுக்கு நிபந்தனை என்ன? வெறிநோய், பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்கு உரிய காலத்தில் ஊசி போட்ட அட்டை இல்லாவிட்டால் பணம் இல்லை என்பதே பொதுவான விதி.

5. நாயின் சொந்தக்காரர் ஏற்க வேண்டிய பங்கு எவ்வளவு? ஒரு வருடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு?

தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை ஆபரேஷன், பேறு ஆகிய வழக்கமான செலவுகளைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. அவை எப்படியும் சொந்தச் செலவுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

மாட்டு இன்ஷூரன்ஸில் தேசிய கால்நடை இயக்கத்தின் மானியம் உண்டு. 2024-ல் செய்த மாற்றத்தின்படி விவசாயியின் பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம்தான். நாய்க்கு இந்த மானியம் இல்லை. முழுவதும் கைப்பணம். ஆகவே இன்ஷூரன்ஸ் இல்லாத கறவை மாடு வீட்டில் இருக்குமானால், முதல் பிரீமியம் மாட்டுக்குத்தான் போக வேண்டும்.

நாய்க்கு ஒரு கணக்கை உதாரணமாகப் பார்க்கலாம். பிரீமியம் வருடம் 3,000 ரூபாய், சொந்தக்காரர் பங்கு 10 சதவீதம் என்று கொள்வோம். நோய்க்கு 8,000 ரூபாய் செலவானால் கம்பெனி 7,200 தரும், 800 நம்முடையது. மூன்று வருடம் நோயே வராவிட்டால் கட்டிய 9,000 ரூபாயும் திரும்பாது. அதே தொகையை மாதம் 250 வீதம் தபால் ஆபீஸ் சேமிப்பில் போட்டிருந்தால் 9,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். ஆனால் சேமிப்புத் தொடங்கிய முதல் மாதத்திலேயே லாரி மோதிக் கால் ஒடிந்து, ஆபரேஷனுக்கு 20,000 ஆகிறது என்றால், சேமிப்பில் இருப்பது 250 ரூபாய். விபத்துக்குக் காத்திருப்பு இல்லாத பாலிசி இருந்தால் கம்பெனி 18,000 தரும்.

இதிலிருந்து தெரிவது ஒன்று. சிறு செலவைச் சேமிப்பு தாங்கும். தாங்க முடியாத பெரும் செலவுக்குத்தான் இன்ஷூரன்ஸ். அரசு கால்நடை மருந்தகம் அருகில் இருந்து, வைத்தியம் பெரும்பாலும் அங்கேயே நடக்கும் விவசாயிக்குச் சேமிப்பே போதும். நெடுஞ்சாலை ஓரத்தில் பட்டி வைத்திருப்பவர், தனியார் ஆஸ்பத்திரியை நம்பி இருப்பவர், ஒரே நாயை நம்பி ஐம்பது ஆடு வைத்திருப்பவர் ஆகியோருக்குப் பாலிசி யோசிக்கத் தக்கது.

பிறரைக் கடித்தால்

சில பாலிசிகளில் நாய் பிறரைக் கடித்தால் சொந்தக்காரர் தர வேண்டிய நஷ்ட ஈட்டையும் சேர்க்கலாம். வழிப்பாதை ஓரத்தில் பட்டி இருப்பவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இது கோர்ட்டுத் தண்டனைக்கு ஈடாகாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி, பிராணியால் பிறருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். யாரைக் கடித்தாலும் உடனே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வெறிநோயின் குறி தோன்றிய பிறகு மனிதனையும் காப்பது அரிது.

தடுப்பூசிதான் முதல் பிரீமியம்

பாலிசி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முதல் செலவு தடுப்பூசியே. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும் வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி 3 மாதத்தில். பிறகு டாக்டர் சொல்லும்படி ஆண்டுதோறும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டி நடக்கும் முகாம்களில் இதை இலவசமாகப் போட்டுக் கொள்ளலாம். ஊசி விவரம் தெரியாத வளர்ந்த நாய்க்கு, ஒன்றும் போடவில்லை என்றே கொண்டு தொடங்க வேண்டும்.

முன்பு ஒரு குட்டி ரத்தக் கழிச்சலில் இறந்த இடத்தில், ஊசி போடாத புதுக் குட்டியை ஒரு வருடத்துக்கு விடக் கூடாது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சிமெண்டுத் தரையையும் தட்டையும் முதலில் நன்கு கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவலாம். மண் தரைக்கு இது பயன்படாது.

ஆடு வளர்ப்பவர்கள் நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழுவுக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். செத்த ஆட்டின் தலையையும் குடலையும் பச்சையாக நாய்க்குப் போடக் கூடாது. நாயின் குடலில் வளரும் நாடாப்புழுவின் முட்டை புல்லில் கலந்து ஆட்டின் மூளைக்குப் போனால், ஆடு சுற்றிச் சுற்றி வந்து விழுந்து சாகும். மற்றொரு வகை நாடாப்புழு மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியை உண்டாக்கும்.

பணம் கேட்கும்போது

பாலிசித் தாள், ஊசி அட்டை, டாக்டர் சீட்டு, மருந்துக் கடை ரசீது ஆகிய எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைக்க வேண்டும். நோய் வந்தவுடன் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். இறப்புப் பாலிசியில் நாய் இறந்தால், தகவல் சொல்லி டாக்டர் பார்க்கும் முன் புதைக்கக் கூடாது. பணம் மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தமிழகத்துக்கு அவர் அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

புது நாய் வந்த அன்று செய்ய வேண்டியது மூன்றே: டாக்டரிடம் காட்டுவது, ஊசி அட்டை எழுதி வாங்குவது, மற்ற நாய்களிடமிருந்து இரண்டு வாரம் தனியே கட்டி வைப்பது. அந்த இரண்டு வாரத்தில் பாலிசிகளை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அந்த ஊசி அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள்.