கிலோவும் கிராமும்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த பிள்ளைச்சாவடி போன்ற கடலோர ஊர்களில், மீனைக் கூறு போட்டுக் கண்ணளவில் விலை பேசுவதையும் தராசில் நிறுத்து விற்பதையும் பார்த்தே வளரும் ஒரு பிள்ளை, எடை என்ற விஷயத்தைப் பள்ளிக்கூடம் போகுமுன்பே அறிந்துவிடுகிறது. அதற்குப் பாடப்புத்தகம் புதிதாகக் கற்பிக்க வேண்டியது, அந்த எடையை எண்ணில் பிழையற எழுதும் கிரமத்தை மட்டுமே.

அந்தக் கிரமத்துக்கு அடிப்படையான மெட்ரிக் முறை பிரான்ஸில் பிறந்தது. புரட்சிக் காலத்தில், 1795-இல், பனி உருகும் வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையே ஒரு கிராம் என்று அந்நாடு சட்டம் செய்தது. அதன் ஆட்சியிலிருந்த புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. இந்தியாவோ 1956-இல் சட்டமியற்றி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகளைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் தமிழகத்துக் கடைகளில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம் என்று, படிக்குப் படி வேறு வேறு பெருக்கலை மனனம் செய்ய வேண்டியிருந்தது. ஏறத்தாழ 1.4 கிலோவான வீசையை இன்றும் பெரியவர்கள் சிலர் மறக்கவில்லை. புதிய முறையில் எல்லாப் படிகளும் பத்தின் அடுக்குகளே: 1000 மில்லிகிராம் ஒரு கிராம், 1000 கிராம் ஒரு கிலோ, 100 கிலோ ஒரு குவிண்டால், 1000 கிலோ ஒரு டன்.

இவ்வளவு சுலபமான முறையிலும் பிள்ளைகள் இடறும் இடம் ஒன்று உண்டு. 2 கிலோ 50 கிராம் எடையுள்ள மீனைத் தசமத்தில் எழுதச் சொன்னால், பலர் தயங்காமல் 2.5 கிலோ என்று எழுதிவிடுவர். கிராமுக்குரிய ஸ்தானங்கள் மூன்று, 50 என்பதில் நூறின் ஸ்தானம் காலியாக இருப்பதால் அங்கே ஒரு பூஜ்யம் உட்கார்ந்தே தீர வேண்டும், ஆகவே 2.050 என்பதே சரி. அந்தப் பூஜ்யத்தை விட்டவர் 450 கிராம் மீனுக்கு வீணாகப் பணம் கொடுப்பார். சூத்திரத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைப்பதைவிட, தராசின் ஒரு தட்டில் இரண்டு கிலோப் படிக்கற்களோடு 50 கிராம் கல்லையும், பிறகு அதற்குப் பதிலாக 500 கிராம் கல்லையும் அப்பிள்ளையே வைத்துப் பார்க்கும்படி செய்வதே மேலான உபாயம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பெருக்குவதா, வகுப்பதா என்ற சந்தேகத்துக்கும் கையே விடை சொல்லும். அலகு சிறுத்தால் எண்ணிக்கை பெருகும். ஆகையால் 3 கிலோவைக் கிராமாக்க 1000-ஆல் பெருக்கி 3000 என்றும், 750 கிராமைக் கிலோவாக்க 1000-ஆல் வகுத்து 0.750 என்றும் காண்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ என்பதைப் பாட்டிலைத் தூக்கி அறிந்த பிள்ளை, அதை 1 கிராம் என்று ஒருபோதும் எழுதாது.

மில்லிகிராமை மட்டும் கையால் உணர முடியாது. அதற்கு மருந்து அட்டையைக் காட்டலாம். 500 மில்லிகிராம் என்று அச்சிட்ட மாத்திரையில் அரை கிராம் மருந்து இருக்கிறது. அதே எண்ணில் ஒரு ஸ்தானம் பிசகினால் அளவு பத்து மடங்காகவோ பத்தில் ஒரு பங்காகவோ ஆகிவிடும் என்பதால், குழந்தைக்கு மருந்து எழுதும் வைத்தியரும் அளந்து கொடுக்கும் தாயும் தசமப் புள்ளியை இருமுறை பார்க்கிறார்கள்.