போர் முடிந்தும் திரும்பிப் போகாத பெண்கள்

போர் அருங்காட்சியகம் என்றாலே பீரங்கியும் தளபதிகளின் படங்களும்தான் நினைவுக்கு வரும். பிரான்ஸின் வடக்கே, ப்ளெராங்கூர் என்ற சிற்றூரில் இருக்கும் பிரெஞ்சு - அமெரிக்க அருங்காட்சியகம், பெண்கள் ஓட்டிவந்த ஃபோர்டு வண்டிகளையும் நினைவில் வைத்திருக்கிறது.

முதல் உலகப் போரில், 1917-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை இப்பகுதியில் வீடுகளைத் தகர்த்தது. பழமரங்களைக்கூட வெட்டிச் சாய்த்தது. அந்த ஆண்டே அமெரிக்க வங்கியாளர் ஜே.பி.மார்கனின் மகள் ஆன் மார்கன், தோழி ஆன் மர்ரே டைக்குடன் இங்கு வந்தார். 17-ம் நூற்றாண்டு அரண்மனையின் வளாகத்தில் மரக்கொட்டகை போட்டுத் தங்கினார்கள். தன்னார்வலப் பெண்கள் ஊர் ஊராக வண்டியோட்டி விதை, கோழி, மருந்து கொடுத்தார்கள். 1918-ல் ஜெர்மன் படை மீண்டும் நெருங்கியபோது, அதே வண்டிகளில் மக்களை ஏற்றிக் காப்பாற்றினார்கள். போர் ஓய்ந்தபின், புத்தகங்களை ஏற்றிக்கொண்டு நடமாடும் நூலகமாகின அவ்வண்டிகள்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பெரும்பகுதி இடிக்கப்பட்ட அந்த அரண்மனையை மார்கனே வாங்கினார். 1924-ல் அருங்காட்சியகம் பிறந்தது. பிறகு தேசிய அருங்காட்சியகமானது. அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிரான்ஸ் உதவிய கதையும் இங்கு உண்டு. 1929-ல் மறைந்த டைக், இதே ஊர்க் கல்லறையில் உறங்குகிறார்.