எண்ணெய் முதலில் யாருக்கு?

மண் அள்ளும் இயந்திரங்கள் பலவற்றில் பம்பு ஒன்றுதான். அது தள்ளும் எண்ணெயை வாளியைத் தூக்கும் சிலிண்டரும் சக்கரத்தைத் திருப்பும் சிலிண்டரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

எண்ணெயோ தடை குறைந்த வழியையே நாடும். வெறும் வாளியை அசைக்க 40 பார் அழுத்தம் போதும், சக்கரத்தைத் திருப்ப 100 பார் வேண்டும் என வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே குழாயில் இணைத்தால் அழுத்தம் 40ஐத் தாண்டாது. எண்ணெய் முழுதும் வாளிக்கே போகும். வளைவில் ஸ்டீயரிங் திரும்பாவிட்டால் ஓட்டுநர் கதி என்ன?

இங்கேதான் முன்னுரிமை வால்வு உதவுகிறது. அதனுள் நகரும் தண்டு ஒன்றைச் சுருள்வில் தள்ளி, ஸ்டீயரிங் வழியை முதலில் திறந்து வைக்கிறது. அவ்வழியில் ஒரு சிறு துளை. வேண்டிய அளவு எண்ணெய் பாய்ந்ததும் துளையின் இருபுறமும் உண்டாகும் அழுத்த வேறுபாடு வில்லை அமுக்கும், தண்டு நகரும், மிஞ்சியது வாளிக்கு!

எஞ்சின் மெதுவாக ஓடுகையில், திருப்பத்தில் வாளி சற்றுத் தயங்கி எழுவதைக் கவனித்துப் பாருங்கள்.