பெட்டிக்குள் அடங்கும் ஓர்கன், அடங்காத நாதஸ்வரம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருந்து இசையமைக்கும் எனக்குப் பாட்டு வேலை இரண்டு பக்கத்திலிருந்து வரும். புனித லூசியா பேராலயத்துப் பக்கத்து ஆட்கள் ஓர்கன் கேட்பார்கள். பொன்னம்பலவாணேஸ்வரர் கோவில் பக்கத்து ஆட்களுக்கு நாதஸ்வரமும் தவிலும் வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இவற்றை வைத்து ஒலிப்பதிவு செய்ய வழியில்லை. ஓட்டோச் சத்தம் ஓய நள்ளிரவாகும். நள்ளிரவில் தவில் அடிக்க முடியாது. அதனால் வாத்தியங்களைக் கணினிக்குள் வாங்கி வைக்கிறோம். சில மாதத்தில் அது போதாது என்று தோன்றும். நவம்பரில் தள்ளுபடி வந்ததும் கை மறுபடி துறுதுறுக்கும்.

இப்படி வாங்கும் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? ஸாம்பிள் லைப்ரரி என்பது ஒரு வாத்தியத்தின் ஒலிப்பதிவுக் குவியல். பியானோவில் 88 கட்டைகள். ஒவ்வொன்றையும் மெல்லத் தொடுவது முதல் ஓங்கி அடிப்பது வரை எட்டு அளவுகளில் பதிந்தால் 704 பதிவுகள். பெடலை மிதித்தபடி இன்னொரு சுற்று பதிந்தால் 1,408. கீபோர்டைத் தட்டியதும் எந்தக் கட்டை, எவ்வளவு வேகம் என்ற இரண்டு எண்கள், கருவிகள் பேசிக்கொள்ளும் மொழியான மிடி வழியாகப் போகின்றன. வேகத்துக்கு 1 முதல் 127 வரை எண். அதற்குரிய பதிவை எடுத்து ஒலிப்பதுதான் மென்பொருளின் வேலை. 1979இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஃபெயார்லைட் கருவியில் ஒரு குரலுக்கு 16 கிலோபைட் நினைவகமே இருந்தது. ஏறத்தாழ ஒரு விநாடி ஒலி. இன்றைய பெரிய லைப்ரரிகள் நூற்றுக்கணக்கான ஜிகாபைட்டை விழுங்குகின்றன. ஆனாலும் வேலை அதேதான்: முன்பே பதிந்த சுரத்தைத் திரும்ப ஒலிப்பது.

ஓர்கன் இந்த முறைக்கென்றே பிறந்தது போல. குழாய் ஓர்கனில் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலியின் பலம் ஏறக்குறைய ஒன்றுதான். காற்றுக்கு வழி திறக்கிறது, அல்லது மூடுகிறது. குழாய்க்கு ஒரு நீண்ட பதிவு, கையை எடுத்தபின் ஆலயத்தில் தங்கும் முழக்கத்துக்கு இன்னொன்று. அவ்வளவில் ஓர்கன் வந்துவிடுகிறது. கிரான்ட்ஓர்க் என்ற மென்பொருள் இலவசம். அதில் ஓடும் ஓர்கன் பதிவுகளிலும் இலவசமானவை பல உண்டு. தேவாலயப் பாட்டுக்காக நான் ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை.

நாதஸ்வரம் நேர்மாறு. விரல் துளைகள் ஏழுதான். ஆனால் சுரத்தைத் தீர்மானிப்பது விரல் மட்டுமல்ல. வாயில் வைக்கும் சீவாளியை உதடு எவ்வளவு கவ்வுகிறது, மூச்சு எவ்வளவு தள்ளுகிறது என்பதும் சேர்ந்துதான். தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, அசைந்துகொண்டே இருக்கும். சுரங்களைத் தனித்தனியே பதிந்து அடுக்கினால் அந்த அசைவு எங்கே போய்ப் பதியும்? சில லைப்ரரிகளில் முழுச் சங்கதிகளையே பதிந்து தருகிறார்கள். அவை பதிந்தவரின் ராகத்தில், பதிந்தவரின் காலப்பிரமாணத்தில் வருபவை. நம் பாட்டு அவற்றுக்கு ஏற்ப வளைய வேண்டும்.

இதை நான் காசு கொடுத்தே படித்தேன். ஒரு பிள்ளையார் பாட்டுக்காக நாதஸ்வர லைப்ரரி ஒன்றை வாங்கினேன். மோகனத்தில் ஒப்பேற்றியது. தோடி வந்ததும் மூன்று இரவுகள் போயின. இன்னும் விலை கூடியதை வாங்கினால் சரியாகிவிடும் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

குறை பதிவில் இருக்கவில்லை, என் இடது கையில் இருந்தது. கீபோர்டின் இடப்பக்கத்தில் சுருதியை வளைக்கும் சக்கரம் ஒன்று உண்டு. மிடியில் அதற்கு 16,384 படிகள். வழக்கமாக அது மேலே இரண்டு, கீழே இரண்டு அரைச்சுரம் வளையும்படி அமைந்திருக்கும். தோடியின் காந்தாரத்துக்குக் கீழே சுத்த ரிஷபம் சரியாக இரண்டு அரைச்சுரம். மேலே சுத்த மத்திமமும் இரண்டு. அந்தக் காந்தாரம் அசையும் வெளி முழுவதும், நான் தொடாமலே வைத்திருந்த சக்கரத்துக்குள் இருந்தது! ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் தம்புராவை ஓடவிட்டு அதை மட்டும் பழகினேன். பழைய லைப்ரரியே வேறு குரலில் பேசத் தொடங்கியது. சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் நீண்ட ஜாருவுக்கு மட்டும் இந்த வித்தை ஆகாது. பதிவை அதிகம் இழுத்தால் நாதம் மெலிந்துவிடும்.

விலையையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 199 டொலர் மென்பொருள் ஒன்று ஏறத்தாழ 40,000 ரூபாயிலிருந்து 71,600 ரூபாயானது. பல லைப்ரரிகளை வேண்டாமென்றால் பிறருக்கு விற்கவும் முடியாது. கொன்டாக்ட் என்ற மென்பொருளில் ஓடுவதற்காகச் செய்தவற்றில் கணிசமானவை அதன் இலவசப் பதிப்பில் சிறிது நேரமே ஓடும். முழுப் பதிப்புக்கு வேறாகப் பணம் கட்ட வேண்டும். வாங்கும் பக்கத்தில் இது சிறிய எழுத்தில்தான் இருக்கும், தேடிப் படியுங்கள்.

அந்த இரண்டாவது நாதஸ்வர லைப்ரரியை நான் வாங்கவில்லை. அடுத்த தோடிப் பாட்டுக்கு ஒரு ஸ்டூடியோவை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, நாதஸ்வர வித்துவான் ஒருவரை அழைத்தேன். தவிலும் தம்புராவும் கணினியிலிருந்தே வந்தன. அவர் சீவாளியை நனைத்துப் பொருத்தி, காந்தாரத்தை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, சுருதியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார்.