நேச நாட்டுக் கோதுமை

வயலும் வல்லரசும் – 9

சோவியத் யூனியனைத் தண்டிப்பதற்காக 1980 ஜனவரியில் அமெரிக்க அதிபர் கார்ட்டர் 1.7 கோடி டன் தானிய விற்பனையை நிறுத்தியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அது பகைக்காகச் சாத்திய கதவு. இந்த வாரம் நட்புக்காகத் திறந்த கதவைப் பார்ப்போம்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்ததும், ஒடெசா உள்ளிட்ட கருங்கடல் துறைமுகங்கள் முடங்கின. உக்ரைனின் தானிய ஏற்றுமதியில் ஏறத்தாழ 90 சதவீதம் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சுமார் 2 கோடி டன் தானியம் கிடங்குகளிலேயே தேங்கியது. அடுத்த அறுவடை வந்தால் கொட்டி வைக்க இடமில்லை. எகிப்தும் லெபனானும் கோதுமைக்குத் தவித்தன. சூரியகாந்தி எண்ணெயின் விலையேற்றம் நம் ஊர் மளிகைக் கடை வரை எட்டியது.

ஐரோப்பிய ஒன்றியம் கைகொடுக்க முன்வந்தது. மே மாதம் ரயில், சாலை, டான்யூப் ஆறு ஆகியவற்றின் வழியே மாற்றுப் பாதைகளை அறிவித்தது. ஜூன் 4 முதல் உக்ரைன் விளைபொருட்கள் மீதிருந்த சுங்கவரியையும் கோட்டாவையும் நீக்கியது. நியாயமான முடிவுதான். போரில் சிக்கிய அண்டை நாட்டை யாரும் கைவிட முடியாது. உக்ரைன் அகதிகளை லட்சக்கணக்கில் வரவேற்று இடம் கொடுத்த நாடு போலந்து. அந்த நாட்டுக் கிராமங்களும் அதில் பின்தங்கவில்லை.

ஆனால் கதவைத் திறந்தவர்கள் பாதையைச் சரியாகப் பார்க்கவில்லை. உக்ரைனில் தண்டவாளத்தின் அகலம் 1,520 மில்லிமீட்டர். போலந்தில் பெரும்பாலும் 1,435. வித்தியாசம் வெறும் 85 மில்லிமீட்டர். அதற்காக எல்லையில் ரயிலை நிறுத்தி, ஒவ்வொரு பெட்டியின் தானியத்தையும் வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும், அல்லது பெட்டிக்கு அடியிலுள்ள சக்கரங்களையே மாற்ற வேண்டும். அதைத் தாண்டி க்டான்ஸ்க் துறைமுகத்துக்குப் போனால் அங்கும் நெருக்கடி. ரஷ்ய நிலக்கரிக்குத் தடை விதித்த போலந்து, கடல் வழியாக வேறு நாடுகளின் நிலக்கரியை இறக்கிக்கொண்டிருந்தது.

ஆப்பிரிக்காவுக்குப் போகும் என்று சொல்லப்பட்ட தானியத்தில் ஒரு பகுதி இப்படித்தான் கிழக்குப் போலந்திலேயே தங்கிப்போனது. 2021இல் சில ஆயிரம் டன்னாக இருந்த உக்ரைன் கோதுமை இறக்குமதி, 2022இல் 5 லட்சம் டன்னைத் தாண்டியது. மக்காச்சோளம் இன்னும் அதிகம். சில வியாபாரிகள் ‘தொழிற்சாலை உபயோகத்துக்கு’ என்று காகிதத்தில் எழுதி, உணவுத் தானியத்துக்கான சோதனையிலிருந்து தப்பித்தார்கள்.

கிழக்குப் போலந்தின் லூப்ளின் பகுதி உழவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். எரிவாயு விலை ஏறியதால் உரத்தை உச்ச விலையில் வாங்கி விதைத்தவர் அவர். விலை இறங்காது, அவசரப்பட்டு விற்க வேண்டாம் என்று 2022 கோடையில் வேளாண் அமைச்சர் ஹென்ரிக் கோவல்சிக் சொன்னதை நம்பி, பலர் தானியத்தை இருப்பு வைத்தார்கள். அப்போது டன்னுக்கு 1,500 ஸ்லோட்டிக்கு (போலந்து நாணயம்) மேல் போன கோதுமை, 2023 வசந்தத்தில் ஆயிரத்தை ஒட்டி இறங்கியது. உலகச் சந்தையே சரிந்ததும் ஒரு காரணம். ஆனால் பக்கத்துக் கிடங்குகள் உக்ரைன் தானியத்தால் நிரம்பியிருந்ததால், சொன்ன விலைக்குக்கூட வாங்க ஆள் இல்லை. எல்லையோர மாவட்டங்களுக்கு விழுந்த தனி அடி அது.

2023 ஏப்ரல் 5 அன்று உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி வார்சாவுக்கு வந்தார். அதே நாளில் கோவல்சிக் பதவி விலகினார். பத்து நாளில் போலந்து இறக்குமதியைத் தடை செய்தது. ஹங்கேரியும் ஸ்லோவாகியாவும் தொடர்ந்தன. செப்டம்பரில் அந்த மூன்று நாடுகள் மீதும் உக்ரைன் உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. 2024 பிப்ரவரியில் மெடிகா எல்லையில் போராட்டக்காரர்கள் ரயில் பெட்டியைத் திறந்துவிட, தானியம் தண்டவாளத்தில் கொட்டியது. அதை விளைவித்தவரும் ஓர் உழவர்தான். கண்ணிவெடி கிடக்கும் நாட்டில் உழுது விதைத்து, போக்குவரத்துச் செலவுக்கே பெரும்பங்கைக் கொடுத்து, அடிமாட்டு விலைக்கு விற்றவர். இரண்டு நாட்டு உழவர்களும் எதிரெதிரே நிறுத்தப்பட்டதுதான் இதில் பெரும் கொடுமை.

இதைத் தவிர்த்திருக்க முடியாதா? ருமேனியாவைப் பாருங்கள். அங்கும் உழவர்கள் போராடினார்கள். அங்கும் விலை விழுந்தது. ஆனால் அந்த நாடு கலாட்ஸ் துறைமுகத்துக்கான பழைய சோவியத் அகலப் பாதையை 2022இலேயே சீரமைத்துத் திறந்தது. கான்ஸ்டன்ஸா துறைமுகம் 2023இல் கையாண்ட சுமார் 3.6 கோடி டன் தானியத்தில் 1.4 கோடி டன் உக்ரைனுடையது. வந்த சரக்கு கப்பலேறி வெளியே போனது. போலந்தும் தடைக்குப் பிறகு முத்திரையிட்ட வண்டிகளில், கண்காணிப்போடு, தானியத்தை நாட்டைக் கடந்துபோக மட்டும் அனுமதித்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஏற்பாடு அது. 2023 மார்ச்சில் போலந்து, பல்கேரியா, ருமேனியா மூன்றுக்கும் சேர்த்து ஒன்றியம் முன்வைத்த இழப்பீடு 5 கோடியே 63 லட்சம் யூரோ. தொகையும் சிறியது, வந்த காலமும் கடந்தது.

ஒரு நாடு இன்னொரு நாட்டோடு நிற்பது என்பது முழு நாட்டின் முடிவு. அதற்கான செலவையும் முழு நாடே ஏற்க வேண்டும். வரியை நீக்கும் ஆணையில் கையெழுத்திடும்போதே, சரக்கு எந்த வழியாக வெளியேறும், விலை விழுந்தால் எல்லையோர உழவருக்கு யார், எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதையும் எழுதிவிட வேண்டும். அதை எழுதாமல் விட்டால், பாரம் எல்லையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர் தலையில் விழும். பாரம் தாங்காதபோது அவர் தெருவுக்கு வருவார். நேச நாட்டின் மீது வெறுப்பை விதைக்கக் காத்திருக்கும் கட்சிகள் அவரைத் தேடி வரும். உழவரைக் காப்பது நட்புக்கு எதிரான செயல் அல்ல. நட்பு நீடிப்பதற்கு அதுதான் முதல் நிபந்தனை.

அடுத்த வாரம்: ஏற்றுமதி வரிக்கு எதிராக 2008இல் அர்ஜென்டினா உழவர்கள் நடத்திய சாலை மறியல்.

(தொடரும்)